பார்வையாளர் எனும் பாடம்: இணையவழி அறிமுக நாடகக் கல்வி குறித்த ஒரு திறனாய்வு (மாமல்லபுரம் – செங்கல்பட்டு வட்டாரத்தை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

கல்லூரி மாணவர் நாடகத்தை முதன்முறையாகப் பாடமாகக் கற்கும் அறிமுகத் தாள் இணையவழிக்கு மாறும்போது எது இழக்கப்படுகிறது என்னும் வினாவுக்கு ‘நேரடித்தன்மை’ என்னும் விடையே பெரும்பாலும் தரப்படுகிறது. இக்கட்டுரை அவ்விடையைப் போதாததாகக் கருதுகிறது. எங்கே நோக்குவது, எப்போது நோக்குவது, யாரோடு சேர்ந்து நோக்குவது என்பவற்றைத் தானே முடிவு செய்யும் பார்வையாளரின் வேலையே இழக்கப்படுகிறது. அறிமுகத் தாள் கற்பிக்க வேண்டிய முதற்பொருளும் அதுவே என இக்கட்டுரை வாதிடுகிறது. சிலப்பதிகார அரங்கேற்று காதையின் அரங்கமைதி, மாமல்லபுரத்துத் தவச் சிற்பத்தொகுதி, திரௌபதி அம்மன் விழாக்களின் அர்ச்சுனன் தபசு ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. குறை இணையம் எனும் ஊடகத்தில் மட்டும் இல்லை. நாடகத்தை இலக்கியமாக மட்டும் எண்ணும் பாடத்திட்ட மரபிலும் உள்ளது என்பதும், மாணவரின் ஊரையே அரங்கக் களமாகக் கொள்ளும் பாட அமைப்பால் அதனைச் சரிசெய்யலாம் என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: இணையவழிக் கல்வி, அரங்கியல், பார்வையாளர், தெருக்கூத்து, அர்ச்சுனன் தபசு, மாமல்லபுரம், மதிப்பீடு.

முன்னுரை

2020 மார்ச் 25ஆம் நாள் நாடு முழுவதும் பொதுமுடக்கம் நடைமுறைக்கு வந்தபோது தொண்டை மண்டலத்தில் கூத்துப் பருவம் தொடங்கும் வேளை. பங்குனி முதல் ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நிகழ வேண்டிய களங்கள் அவ்வாண்டு வெறுமையாகக் கிடந்தன. கல்லூரி வகுப்பறைகளும் மூடப்பட்டன. பாடங்கள் திறன்பேசித் திரைக்கு இடம்பெயர்ந்தன. 2021 சனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி தரவு தரும் இலவச அட்டைகளை ஏறத்தாழ 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு வழங்குவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கூத்துக்களமும் வகுப்பறையும் ஒருசேர அடைபட்ட அக்காலத்தில் நாடகம் என்னும் பாடமும் ஏனைய பாடங்களைப் போலவே திரையில் நடத்தப்பட்டது.

நோய்த்தொற்றுக் காலம் கடந்தது. இணையவழிக் கல்வி நிலைத்தது. ஒரு பருவத்தில் நடத்தப்படும் பாடங்களுள் 40 விழுக்காடு வரை ‘ஸ்வயம்’ தளத்தின் வழியாகப் பயிலப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறை இடமளிக்கிறது. 2016ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் இவ்வரம்பு 20 விழுக்காடாக இருந்தது. ஆகவே நாடகத்தை இணையவழியில் கற்பிக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. அவ்வாறு கற்பிக்கும்போது மாணவர் மனத்தில் ‘நாடகம்’ என்று எது பதிகிறது என்பதே இன்று திறனாய்வுக்குரிய வினா. அறிமுகத் தாளை எடுக்கும் மாணவருள் பலருக்கு நாடகம் பற்றிய முறைசார் கல்வி அவ்வொரு தாளோடு முடிந்துவிடும். அவர்கள் நடிகராகவோ இயக்குநராகவோ ஆவதில்லை. பார்வையாளராக, ஆசிரியராக, ஊர்த் திருவிழாவுக்கு நன்கொடை தருபவராக, ஒரு கூத்துக்குழுவை அழைக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்பவராக அவர்கள் வாழ்வார்கள். எனவே அத்தாள் எதைக் கற்பிக்கிறது என்பது கலையின் எதிர்காலத்தோடு நேரடித் தொடர்புடையது.

1. இணையவழிப் பாடத்தின் அமைப்பும் அதன் மரபும்

‘ஸ்வயம்’ போன்ற தளங்களின் பாடங்கள் நான்கு கூறுகளால் அமைகின்றன: காணொலி விரிவுரை, படிப்புப்பொருள், ஐயம் களையும் கலந்துரையாடல், தன்மதிப்பீடு. இவ்வமைப்பு வரலாறு, பொருளியல் முதலிய துறைகளுக்குப் பெரிதும் பொருந்துகிறது. நாடகத்துக்கும் இதனால் சில நன்மைகள் உண்டு. ஆண்டு, ஆசிரியர், நூல், கோட்பாடு ஆகியவற்றை ஒழுங்காகக் கற்பிக்க இதுவே போதும்.

இவ்வமைப்புக்குள் நாடகம் இவ்வளவு எளிதாகப் பொருந்திவிடுவது ஏன் என்று கேட்க வேண்டியுள்ளது. தமிழிலக்கியப் பட்டப்படிப்புகளில் நாடகம் நெடுங்காலமாக ‘இக்கால இலக்கியம்’ என்னும் தாளின் ஓர் அலகாகவோ, நூல்வழிப்பட்ட தனித்தாளாகவோ இடம்பெற்று வந்துள்ளது. 1891இல் வெளிவந்த மனோன்மணீயம், அதே ஆண்டில் பம்மல் சம்பந்த முதலியார் நிறுவிய சுகுண விலாச சபை, 1897இல் பரிதிமாற் கலைஞர் இயற்றிய நாடகவியல், சங்கரதாஸ் சுவாமிகளின் பணி, 1926இல் வெளிவந்த விபுலாநந்தரின் மதங்க சூளாமணி என்னும் நிரலில் வரலாறு சொல்லப்படும். தெருக்கூத்து அவ்வரலாற்றின் தொடக்கப் பத்தியாகவோ ‘நாட்டுப்புற வடிவங்கள்’ என்னும் பகுதியின் ஓர் உட்தலைப்பாகவோ நின்றுவிடும். மனோன்மணீயம் படிப்பதற்கென்றே எழுதப்பட்ட கவிதை நாடகம் என்பதும், நாடகப் பாடத்தின் முதல் நூலாகப் பெரிதும் அதுவே அமைந்தது என்பதும் இங்கு எண்ணத்தக்கன.

அதாவது, நாடகத்தை ஏடாக்கும் பணியை இணையம் தொடங்கவில்லை. அச்சுவழிப் பாடத்திட்டம் அதனை முன்னரே செய்து முடித்திருந்தது. ஏட்டை ஏற்ற திரை அவ்வேட்டின் குறையையும் சேர்த்தே ஏற்றது. இதற்கு மாறான போக்குகளும் தமிழுலகில் இருந்துள்ளன. 1977இல் காந்திகிராமத்தில் சே. இராமானுஜம் முன்னின்று நடத்திய நாடகப் பயிற்சிப் பட்டறை, 1978இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் நிறுவிய நாடக அரங்கக் கல்லூரி, புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி ஆகியன நாடகத்தை உடலும் வெளியும் சார்ந்த பயிற்சியாக அணுகின. இலங்கையின் உயர்தர வகுப்புகளில் இப்பாடம் ‘நாடகமும் அரங்கியலும்’ என்று பெயர் பெற்றிருப்பதும் பொருளுடையது. ‘அரங்கியல்’ என்னும் சொல் பனுவலுக்கு அப்பால் இடம், ஒளி, அசைவு, அவை ஆகிய அனைத்தையும் பாடத்துக்குள் கொண்டுவருகிறது. அறிமுகத் தாள்கள் பெரும்பாலும் அச்சொல்லின் முழுப்பொருளை எட்டுவதில்லை.

2. அரங்கு: காண்பவருக்காக வகுத்த அளவு

அரங்கு பற்றிய தமிழின் மிகப் பழைய விரிவான குறிப்பு சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் உள்ளது. இருபத்து நான்கு விரல் அளவுள்ள கோலால் எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம் என அரங்கு அளக்கப்படுகிறது. தரைக்கும் மேல் உத்தரப் பலகைக்கும் இடையே நான்கு கோல் உயரம் விடப்படுகிறது. உட்புகவும் வெளியேறவும் இரு வாயில்கள், மூவகை எழினிகள் ஆகியன கூறப்படுகின்றன. தூண்களின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்கு நிறுத்தப்பட்டது என்பதும் அங்கு குறிக்கப்படுகிறது.

இப்பகுதி தேர்வுகளில் ‘அரங்கின் அளவுகள் யாவை’ என்னும் வினாவாகச் சுருங்கிவிடுவது வழக்கம். அவ்வளவுகளின் நோக்கத்தை வினவினால் வேறொன்று புலப்படும். நிழலை விலக்கும் விளக்கால் பயன்பெறுபவர் முதற்கண் எதிரே அமர்ந்திருப்பவர். அரங்கை ஒரு கோல் உயர்த்தியது பின்வரிசையில் இருப்பவரின் கண்ணுக்காக. எழினி மறைப்பது அவையிடமிருந்து, விலகுவது அவைக்காக. இவ்வரையறைகள் அனைத்தும் அங்கிருக்கும் பார்வையாளரை முன்வைத்தே பொருள்படுகின்றன. காண்பவர் எங்கே இருக்கிறார் என்பதை நீக்கிவிட்டால் அரங்கேற்று காதையின் அளவுகள் வெறும் எண்களே.

திரைக்கு முன் அமர்ந்த மாணவருக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடம் அரங்கோடு அளவால் உறவுகொண்டதன்று. முன்வரிசை, பின்வரிசை, பக்கவாட்டு என்னும் வேறுபாடுகள் அவருக்கில்லை. அனைவருக்கும் கிடைப்பது ஒரே சட்டகம். கூத்தில் திரை பிடித்து நிற்கும்போது பக்கவாட்டில் அமர்ந்த சிறுவன் வேடக்காரரின் காற்சலங்கையை முதலில் கண்டுவிடுகிறான். நேர் எதிரே அமர்ந்த முதியவர் கிரீடத்தின் உச்சியை மட்டும் காண்கிறார். ஒரே வருகையை இருவரும் இருவேறாக அனுபவிக்கின்றனர். சட்டகத்தில் இவ்வேறுபாடு மறைகிறது.

3. பாறையும் தபசு மரமும்

பார்வையாளரின் வேலை எத்தகையது என்பதை விளக்க மாமல்லபுரத்தைவிடப் பொருத்தமான களம் அரிது. ஏறத்தாழ 29 மீட்டர் நீளமும் 13 மீட்டர் உயரமும் கொண்ட பாறைமுகத்தில் செதுக்கப்பட்ட தவச் சிற்பத்தொகுதி கங்கையின் இறக்கமா, அர்ச்சுனன் தபசா என்னும் விவாதம் 1914இல் விக்டர் கொலுபேவ் கங்கை இறக்கக் கருத்தை முன்வைத்தது முதல் தொடர்கிறது. விவாதம் முடியாமல் இருப்பதே இச்சிற்பத்தின் இயல்பைக் காட்டுகிறது. ஒற்றைக்காலில் கைகளை உயர்த்தி நிற்கும் தவசி, அவருக்கு அருள வந்த சிவன், பாறைப் பிளவில் நாகர், இருமருங்கும் விரையும் தேவகணங்கள், பெருங்களிறுகள் என அனைத்தும் ஒருசேர நிகழ்கின்றன. எதை முதலில் காண்பது என்று சிற்பி கட்டளையிடவில்லை.

அத்தொகுதியின் கீழ்ப்பகுதியில், யானைகளுக்கு அருகே, ஒரு பூனை பின்னங்கால்களில் நின்று முன்கால்களை உயர்த்தித் தவம் செய்கிறது. அதனைச் சுற்றி எலிகள் இருக்கின்றன. மேலே நிற்கும் தவசியின் நிலையையே அப்பூனை போலி செய்கிறது. யானைகளின் பேருருவில் மயங்கும் கண் அதனை எளிதில் தவறவிடும். தானே தேடிக் கண்டவருக்கு அது ஒரு சிரிப்பையும், அதனைத் தொடர்ந்து ஓர் ஐயத்தையும் தருகிறது: மேலே நிகழும் தவத்தை இனி எப்படிப் பார்ப்பது? காஞ்சியைக் களமாகக் கொண்டு போலித் துறவியரை எள்ளிய மத்தவிலாசப் பிரகசனம், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் இயற்றியது. அப்பல்லவ மரபின் கலைச்சூழலிலேயே பூனையின் தவமும் செதுக்கப்பட்டுள்ளது. பெரியதன் அருகே அதன் போலியை வைத்து இரண்டையும் ஒருங்கே காணச் செய்யும் இம்முறை கூத்தில் கட்டியக்காரனிடம் தொடர்கிறது. அரசன் தன் பெருமையைப் பாடி முடித்த கணத்தில் கட்டியக்காரன் அதனைக் கேலிப்பொருளாக்குகிறான். அவை இருவரையும் ஒரே நேரத்தில் நோக்கியாக வேண்டும்.

தொண்டை மண்டலத்தில் அர்ச்சுனன் தபசு கல்லில் மட்டும் இல்லை. திரௌபதி அம்மன் விழாக்களில் உயரமான தபசு மரம் நடப்படுகிறது. அர்ச்சுனன் வேடமிட்டவர் படிப்படியாகப் பாடியவாறு ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சை, திருநீறு, மலர், வில்வம் முதலியவற்றைக் கூட்டத்தினர்மேல் எறிகிறார். பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் அம்மரத்தினடியில் காத்திருக்கின்றனர். ஆல்ஃப் ஹில்டெபைட்டல் திரௌபதி வழிபாடு பற்றி 1988, 1991ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட இரு தொகுதிகளும், ரிச்சர்டு ஃபிராஸ்கா 1990இல் தெருக்கூத்து பற்றி வெளியிட்ட நூலும் இத்தகு நிகழ்வுகளை விரிவாக ஆராய்ந்துள்ளன. அங்கே ‘பார்வையாளர்’ என்பவர் நிகழ்வுக்கு வெளியே நிற்பவர் அல்லர். எறியப்படும் கனியைப் பிடிக்க நீளும் கை, அக்காட்சியின் ஒரு பகுதி. வேடக்காரர் மேலே ஏற ஏறக் கூட்டத்தின் கழுத்து பின்னோக்கிச் சாய்கிறது. உயரம் என்பது உடலால் உணரப்படுகிறது. அதே காட்சி திறன்பேசியில் சில அங்குல உயரத்தில் முடிந்துவிடும்.

4. காட்சியைத் தெரிவு செய்பவர் யார்?

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மையக் கருத்துக்கு வரலாம். விரிவுரைக் காணொலியில் தவச் சிற்பம் காட்டப்படும்போது, ஆசிரியர் பூனையை அண்மைக் காட்சியாகக் காட்டி, அம்புக்குறியும் இட்டு விளக்குவார். மாணவர் பூனை இருப்பதை அறிந்துகொள்கிறார். தேர்வில் சரியாக விடையும் எழுதுவார். அவர் பூனையைக் கண்டுபிடிக்கவில்லை. அவருக்காக வேறொருவர் கண்டுபிடித்துத் தந்துவிட்டார். சிற்பம் பற்றிய தகவல் முழுமையாகக் கடத்தப்பட்டது. சிற்பம் காண்பவரிடம் வேண்டிய வேலை நடைபெறவே இல்லை.

நாடகக் காணொலிகளிலும் இதுவே நிகழ்கிறது. அரசன் பேசும்போது ஒளிப்பதிவுக் கருவி அரசனின் முகத்துக்கு நெருங்குகிறது. அவ்வேளையில் கட்டியக்காரன் என்ன செய்கிறான், பின்னால் இருக்கும் ஆர்மோனியக்காரர் எந்தக் குறிப்பில் பாட்டைத் தூக்கித் தருகிறார், தாளம் எங்கே விரைவுபெறுகிறது என்பன சட்டகத்துக்கு வெளியே போய்விடுகின்றன. தொகுப்பாளர் ஒருவர் அவைக்காகத் தெரிவு செய்துவிட்டார். திரைப்படத்தில் இத்தெரிவே கலை. அதனைக் குறைகூற வேண்டியதில்லை. நாடகத்தைப் பற்றிய அறிமுகப் பாடத்திலோ, திரைப்படத்தின் பார்வை முறையே நாடகத்தின் பார்வை முறையாகக் கற்பிக்கப்பட்டுவிடும் இடர் உள்ளது. திரைப்படமும் தொலைக்காட்சியும் பார்த்தே வளர்ந்த மாணவருக்கு இவ்வேறுபாட்டை உணர்த்துவதே அத்தாளின் தனிப்பயன். அவ்விடத்திலேயே அது தவறுகிறது.

2009 முதல் தம் நாடகங்களைத் திரையரங்குகளுக்கு ஒளிபரப்பிய இலண்டன் நேஷனல் தியேட்டர், 2020 ஏப்ரலில் அப்பதிவுகளை இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. உலகெங்கும் நாடக மாணவர்களுக்கு அவை பேருதவியாயின. எனினும், அவை பல கருவிகளால் பதிந்து தொகுக்கப்பட்ட ஆக்கங்கள். அவற்றின் தரம் உயர உயர, பார்வையாளரின் தெரிவு தொகுப்பாளரின் கைக்கு மாறுவதும் மிகுகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு சான்று தமிழகச் சிற்றூர்களிலேயே உள்ளது. கூத்து நிகழ்ச்சிகள் பல இன்று இணையத்தில் முழு இரவும் நேரலையாகவோ பதிவாகவோ வெளியிடப்படுகின்றன. அவற்றுட் பல, ஒரே இடத்தில் நிறுத்தப்பட்ட கருவியால் எடுக்கப்பட்டவை. வெட்டும் ஒட்டும் அவற்றில் குறைவு. நடுவே குழந்தை குறுக்கே ஓடும்; யாரோ எழுந்து சென்று பணம் அளிப்பார்; ஒலிபெருக்கியில் நன்கொடையாளர் பெயர் வாசிக்கப்படும். தொழில்நுட்பத் தரத்தில் குறைந்ததாகத் தோன்றும் இப்பதிவு, கற்பித்தல் நோக்கில் தேர்ந்த தொகுப்பைவிடப் பயன்மிக்கது. அகன்ற சட்டகத்துக்குள் எதை நோக்குவது என்பதை மாணவரே முடிவு செய்ய வேண்டியிருப்பதே காரணம். ஐந்து நிமிட மாதிரிக் காட்சியைவிட, இத்தகைய பதிவின் தொடர்ச்சியான ஒரு மணி நேரம் கூத்தின் கால அளவையும் தளர்வையும் இறுக்கத்தையும் உணர்த்தவல்லது.

5. இணையவழியின் உண்மையான பயன்

இணையவழிப் பாடத்தை முற்றாக மறுப்பது நேர்மையாகாது. பகுதிநேர வேலைக்குச் செல்லும் மாணவர், நெடுந்தொலைவுப் பேருந்துப் பயணத்தால் வகுப்பைத் தவறவிடுபவர், குழந்தை வளர்ப்பில் ஈடுபட்ட பெண்கள் ஆகியோருக்கு அது கதவைத் திறந்துள்ளது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கப்பட்ட தமிழ் இணையக் கல்விக்கழகம், புலம்பெயர்ந்த தமிழர் இலக்கியம் பயில வழிசெய்தது. பாட்டின் ஓர் அடியைப் பலமுறை கேட்டுப் பொருள் உணரும் வாய்ப்பை நள்ளிரவுக் களம் தருவதில்லை, பதிவு தருகிறது.

இவற்றினும் சிறந்த பயன் ஒன்றுண்டு; அது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. கல்லூரி வளாகத்தில் நடைபெறும் நாடக வகுப்பு, மாணவர் அனைவரையும் தத்தம் ஊரிலிருந்து பிரித்து ஓர் அறைக்குள் கொண்டுவருகிறது. இணையவழி வகுப்பு நடைபெறும்போது ஒருவர் சதுரங்கப்பட்டினத்திலும், ஒருவர் திருக்கழுக்குன்றத்திலும், ஒருவர் மதுராந்தகத்திலும் இருக்கின்றனர். நாற்பது மாணவர் இருந்தால் பல ஊர்க் கோயில் வெளிகளும் விழாக்களும் கூத்துக் களங்களும் வகுப்பின் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. எந்த நாடகத் துறைக்கும் கிடைக்காத பரந்த ஆய்வுக்களம் இது. இருப்பினும் பாடத்திட்டம் அந்நாற்பது பேரையும் ஒரே காணொலியைப் பார்க்கச் செய்கிறது.

தமிழ் நவீன நாடக வரலாறும் இக்கருத்துக்கு அரண் செய்கிறது. 1977இல் கூத்துப்பட்டறையை நிறுவிய ந. முத்துசாமியின் அரங்கச் சிந்தனையில், புரிசைத் தம்பிரான் மரபினரின் கூத்தைக் கண்ட அனுபவம் பெருந்திருப்பமாக அமைந்தது. ‘அன்று பூட்டிய வண்டி’ கட்டுரைகள் அதற்குச் சான்று. அவர் அங்கு முதற்கண் நடிகராகச் செல்லவில்லை, பார்வையாளராகச் சென்றார். கவனித்துக் காண்பதே ஒரு கல்வியாகி, பின்னர் ஓர் அரங்க இயக்கமாக வளர்ந்தது.

6. உளியும் ஏடும்

மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கப்பட்ட அரசினர் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இங்கு ஓர் ஒப்பீட்டுக்கு உதவும். கல்லின் தன்மை, உளியின் சாய்வு, தட்டும் விசை ஆகியவற்றைக் கைப்பயிற்சியின்றிக் கற்க இயலாது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. சிற்பநூல்களின் தாள அளவுகளைத் திரையில் கற்பிக்கலாம். அதனோடு ஒருவரைச் சிற்பி என்று யாரும் சொல்லார். கூத்திலும் நிலைமை இதுவே. காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. இராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலம், 2002 முதல் 2020 வரை இளையோருக்குப் பள்ளிக்கல்வியோடு கூத்துப் பயிற்சியையும் சேர்த்தளித்தது. கட்டை அணிகளின் பாரத்தோடு ஆடுவதையும், ஒலிபெருக்கி இல்லாமலும் களத்தின் எல்லை வரை கேட்குமாறு பாடுவதையும் உடலே கற்கிறது.

அறிமுகத் தாள் நடிகரை உருவாக்கும் நோக்குடையதன்று என்று விடை கூறலாம். அது சரியே. சிற்பத்தைக் காண வருபவருக்கும் ஒரு பயிற்சி தேவை என்பதை இவ்விடை மறந்துவிடுகிறது. மேலும், இணையவழிக் கூட்டத்தில் ஒலி சென்றுசேர்வதில் ஏற்படும் சிறு தாமதம், பலர் ஒருசேரப் பாடுவதையும் தாளமிடுவதையும் குலைத்துவிடுகிறது. ஆகவே ஆசிரியர் அனைவரின் ஒலிவாங்கியையும் அடைத்துவைக்கச் சொல்கிறார். நாடக வகுப்பில் ஒருவர் மட்டும் பேச, ஏனையோர் ஊமையாக்கப்பட்டிருப்பது, அவை என்றால் அசையாத, ஒலியெழுப்பாத கூட்டம் என்னும் எண்ணத்தைச் சொல்லாமலே கற்பிக்கிறது. கூத்தின் அவை அத்தகையதன்று. அது விசிலடிக்கும், உறங்கும், விரும்பிய கட்டத்துக்கு எழுப்பச் சொல்லிவிட்டு உறங்கும், திரௌபதியின் துயரத்துக்குக் கண்ணீர் விடும்.

7. மதிப்பீட்டை மாற்றுதல்

ஒரு தாள் எதைப் பெரிதாகக் கருதுகிறது என்பதை அதன் வினாத்தாளே காட்டும். ‘தெருக்கூத்தின் இசைக்கருவிகள் யாவை?’ என்னும் வினா நினைவாற்றலை மட்டுமே அளக்கிறது. பார்வையாளரின் வேலையைப் பாடமாகக் கொள்ளும் தாளுக்கு வேறு பணிகள் வேண்டும். அவற்றை இணையவழியிலேயே அமைக்க இயலும்.

முதலாவது, இட வரைபடம். மாணவர் தம் ஊரில் அல்லது அருகில் நடைபெறும் ஒரு நிகழ்வைக் கண்டு, ஆடுகளம், இசைக்குழுவின் பலகை, விளக்கு, பெண்கள், சிறுவர், முதியோர் அமர்ந்த இடங்கள், கோயில் வாயில் ஆகியவற்றை வரைய வேண்டும். அவ்வரைபடத்தை அரங்கேற்று காதையின் அளவுகளோடு ஒப்பிட்டு எழுதும்போது, பழைய பனுவல் உயிர்பெறும். இரண்டாவது, நேரக் குறிப்பு. ஓர் இரவின் மூன்று வெவ்வேறு வேளைகளில் அவை என்ன செய்துகொண்டிருந்தது என்பதைப் பதிய வேண்டும். மூன்றாவது, ஒரே நிகழ்வை நேரில் கண்டவரும் பதிவில் கண்டவரும் தத்தம் குறிப்புகளை ஒப்பிட்டு, ஒருவர் கண்டு மற்றவர் காணாதவற்றைப் பட்டியலிடுதல். கலந்துரையாடல் பகுதிக்கு உண்மையான பயன் அங்கே பிறக்கும். பல களங்களின் வரைபடங்கள் ஓரிடத்தில் சேரும்போது, வகுப்பு தானாகவே வட்டாரத்தின் அரங்க ஆவணமாகிவிடும்.

இதற்கு எதிர்ப்புகள் எழும். இரவு முழுவதும் கூத்துக்களத்தில் இருப்பது எல்லா மாணவிகளுக்கும் இயலாது. விடுதி விதிகளும் வீட்டு ஒழுங்கும் தடுக்கும். சில களங்களில் சாதி சார்ந்த ஒதுக்கங்களும் உள்ளன. மாணவர் அனைவரும் எல்லாக் களங்களிலும் ஒருபோல வரவேற்கப்படுவர் என்று எண்ணிப் பணி வகுப்பது அறியாமையாகும். இவ்வெதிர்ப்புகள் வலுவானவை. ஆயினும் பாரத விழா இரவுக்கு மட்டும் உரியதன்று. பாரதப் பிரசங்கம் பிற்பகலில் நிகழ்கிறது. பல ஊர்களில் தபசு ஏறுதலின் ஒரு பகுதியும், துரியோதனனின் பெரிய மண்ணுருவத்தைச் சுற்றி நிகழும் பதினெட்டாம் போர்ப் படுகளமும் பகலில் காணத்தக்கன. அவற்றுக்கும் செல்ல இயலாதவர், நிலைச் சட்டகப் பதிவையோ, தேவாலய நாடகம், பள்ளி ஆண்டுவிழா, கடைவீதிப் பரப்புரை நாடகம் ஆகியவற்றையோ தெரிவு செய்யலாம். களத்துக்குச் செல்ல முடியாமற் போனதன் காரணத்தை ஆராய்ந்து எழுதுவதும் அரங்கியலின் ஒரு கேள்வியே: யாருக்காக அமைந்தது இந்த அவை? அதற்கும் மதிப்பெண் உண்டு என்று தாள் அறிவிக்க வேண்டும்.

கூத்துக் குடும்பத்திலிருந்து வரும் மாணவரின் நிலையும் இம்மாற்றத்தால் வேறாகும். இப்போதைய அமைப்பில், தம் தந்தையின் கலையை ‘நாட்டுப்புற வடிவங்கள்’ என்னும் உட்தலைப்பில் அவர் மனப்பாடம் செய்கிறார். அவர் ஏற்கெனவே அறிந்தது எதற்கும் அங்கே மதிப்பில்லை. இட வரைபடமும் நேரக் குறிப்பும் கேட்கும் வகுப்பிலோ, அவரே பிறருக்கு வழிகாட்டியாகிறார்.

முடிவுரை

இணையவழி அறிமுக நாடகப் பாடத்தின் குறையை ஊடகத்தின்மேல் மட்டும் சுமத்துவது, அவ்வூடகத்துக்கு முன்பே நாடகத்தை ஏட்டளவில் நிறுத்திய பாடத்திட்ட மரபைக் காப்பாற்றுவதாகும். அம்மரபில் பார்வையாளருக்கு இடமில்லை. திரை அவ்வின்மையை முழுமையாக்கியது; அதே வேளையில் வெளிப்படையாக்கியும் காட்டியது. அரங்கேற்று காதையின் விளக்கு, மாமல்லபுரத்துப் பூனை, தபசு மரத்தடியில் நீளும் கை ஆகிய மூன்றும் நாடகம் காண்பவரிடமிருந்து ஒரு செயலை வேண்டுகிறது என்பதை உணர்த்துகின்றன.

அச்செயலைத் திரையில் காட்ட இயலாது. செய்யுமாறு மாணவரைத் திரையிலிருந்து அனுப்ப இயலும். விரிவுரைக் காணொலி, தவச் சிற்பத்தின் முழுத் தோற்றத்தைக் காட்டி, ஏதோ ஒரு விலங்கு தவம் செய்வதாக மட்டும் கூறி நிறுத்திவிடலாம். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் ஒரு பேருந்துப் பயணத் தொலைவு. பூனையை மாணவர் தாமே தேடிக்கொள்வார்.